சமையலறைச் சுவரில் ரத்தக் குழாய்

என் மனைவியின் வயிற்றில் இருந்த குழந்தை, தன் ரத்தக் குழாய்கள் எந்த லட்சணத்தில் உருவாகின்றன என்பதை எங்கள் சமையலறைச் சுவரில் எனக்கு எழுதிக் காட்டுகிறது என்று நான் பதினோரு நாட்கள் நம்பினேன். காய்ச்சல் கிடையாது. குடியும் கிடையாது. பி.காம். இரண்டாம் வகுப்பில் தேறி, மயிலாப்பூரில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரின்டரும் வைத்து டைப் அடித்துக் கொடுக்கும் கடை நடத்திய ஆள். தண்ணீர் வரவில்லை என்று புகார் மனு, பெண் பார்க்க அனுப்பும் பயோடேட்டா, கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு எல்லாம் பிழையில்லாமல் அடித்துத் தருவேன். அப்படிப்பட்ட ஆள்தான் நம்பினேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பின்னால் ஓரிடத்தில் எனக்குச் சிரிப்பு வராது. அங்கே நீங்கள் மட்டும் சிரித்தால் நன்றாக இருக்காது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மயிலாப்பூரில் கடலுக்குப் பக்கமாக, மாடியில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். பழைய வீடு, தடித்த சுண்ணாம்புச் சுவர். எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் பல வருஷம் விறகு எரித்திருக்கிறார்கள். மிச்சத்தை எங்கள் மண்ணெண்ணெய் ஸ்டவ் பார்த்துக்கொண்டது. சமையலறையின் ஒரு சுவர் முழுக்கக் கரி. விரல் வைத்தால் விரல் கறுக்கும். வீட்டுக்காரர் ‘பொங்கலுக்கு வெள்ளையடிச்சிடலாம்’ என்பார். எந்தப் பொங்கல் என்று சொன்னதில்லை.

மனைவி எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அப்போது லீவில் இருந்தாள். முந்தைய வருஷம் மூன்றாம் மாதத்தில் ஒரு குழந்தை தங்காமல் போய்விட்டது. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. நான் ஜோக் அடித்தேன். அவள் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள். இந்த முறை ஐந்தாம் மாதம் பிறந்திருந்தது. இந்தக் குழந்தை தங்க வேண்டும், நல்லபடியாக வர வேண்டும். எங்களுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு டாக்டர் தம்பி கடைக்கு வந்தான். மருந்தியல் மேற்படிப்பு மாணவன், மதுரைப் பக்கம். ஆள் குச்சி. நகக்கண்ணெல்லாம் கரி. பார்த்தால் டாக்டர் என்று சொல்ல முடியாது, டீக்கடையில் அடுப்பு பார்க்கிறவன் என்றுதான் சொல்வார்கள். கையால் எழுதிய ஆய்வேட்டை மேஜையில் வைத்தான்.

“அண்ணே, ஈஸ்டருக்கு முன்னாடி முடிச்சுக் கொடுத்திருங்க. கைடு கொன்னே போட்ருவாரு.”

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. டைப் அடிக்கிறவன் படிக்கக் கூடாது. எழுத்து கண் வழியாக வந்து விரல் வழியாகப் போய்விட வேண்டும். நடுவே மண்டையில் இறங்கினால் வேகம் குறையும். பத்து வருஷம் அந்த விதியைக் காப்பாற்றியவன், அன்று மூன்றாம் பக்கத்தில் ‘கர்ப்ப காலத்தில் தாயின் உணவு’ என்பதைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். படித்தேன்.

விஷயம் இதுதான். கர்ப்பமான எலிகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு நல்ல சாப்பாடு. இன்னொன்றுக்கு வயிறு நிறையச் சாப்பாடு உண்டு, ஆனால் அதில் புரதம் மட்டும் குறைவு. குட்டிகள் பிறந்த பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே தீனி, ஒரே கூண்டு, ஒரே கவனிப்பு. வளர்ந்த பின் அவற்றின் ரத்தக் குழாயை எடுத்துப் பார்க்கிறார்கள். தாயின் வயிற்றில் இருந்தபோது கிடைக்காமல் போனதைக் குழாய் அப்போதும் மறந்திருக்கவில்லை. பிறந்த பிறகு எவ்வளவு தின்றும் மறக்கவில்லை.

கடை ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு வியர்த்தது.

படங்களை வாங்கிவர ஒரு மத்தியானம் அவனுடைய கல்லூரிக்குப் போனேன். நீளமான அறை, உயரமான ஜன்னல், ஃபார்மலின் வாடையோடு மண்ணெண்ணெய்ப் புகை வாடை. மேஜையில் ஒரு கண்ணாடிக் குழல்; அதற்குள் ஏதோ தண்ணீர்; தண்ணீரில் மெல்லிய கம்பியில் வெளுப்பாக ஒரு வளையம் தொங்கியது. மோதிரத்தில் பாதிகூட இல்லை. வளையத்திலிருந்து ஒரு நூல் மேலே போய், ஒரு நெம்புகோலை ஆட்டியது. நெம்புகோலின் முனை, மெதுவாகச் சுற்றும் ஒரு உருளையைத் தொட்டுக்கொண்டு நின்றது. உருளையில் சுற்றிய காகிதத்தைப் புகையில் காட்டிக் கரியேற்றி வைத்திருந்தார்கள். முனை கரியைச் சுரண்டிக்கொண்டு போக, கறுப்பில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது.

தம்பி ஒரு சொட்டு மருந்தை விட்டான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, யாரும் தொடாமல், கோடு ஏறத் தொடங்கியது.

“இன்னா டாக்டரே இது? யார் எழுதுறது?”

“எலிண்ணே.”

“எலி எங்க?”

“அது காலையிலேயே முடிஞ்சிருச்சு. இது அதோட குழாய் மட்டும். மருந்து விட்டா இறுக்கும், கோடு ஏறும். இன்னொண்ணு விட்டா தளரும், இறங்கும்.”

“எலி செத்துப்போன விஷயம் இதுக்குத் தெரியுமா?”

“தெரியாதுண்ணே. காத்து குடுத்துக்கிட்டே இருந்தா இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் பொழைப்பைப் பாத்துக்கிட்டு இருக்கும்.”

உயிர் போனது தெரியாமல் அந்த வளையம் அங்கே தொங்கி வேலை பார்த்தது. இரண்டாவது மருந்தை விட்டான். கோடு கொஞ்சம் இறங்கி, பாதியில் நின்றது. உருளை சுற்றியது. கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. இறங்கவில்லை.

“இது பட்டினித் தாயோட குட்டி,” என்றான். “குழாய்னா பிளாஸ்டிக் பைப் மாதிரி இல்லண்ணே. உள்பக்கமா ஒரு மெல்லிசுத் தோல் இருக்கு. அதுதான் தசையைப் பாத்து ‘போதும், தளரு’ன்னு சொல்லணும். வயித்துல இருக்கயில சத்துப் பத்தலைன்னா அந்தத் தோல் அந்தப் பேச்சைச் சரியாக் கத்துக்கறதில்லை. பின்னால ரத்தக் கொதிப்பு, அது இதுன்னு வரலாம்.”

“குழாயெல்லாம் எப்ப ஆரம்பிக்கும்?”

“மனுசனுக்கா? மூணாவது வாரத்துலயே ஆரம்பிச்சிரும்.”

மூணாவது வாரம். நானும் அவளும் டாக்டரைப் பார்ப்பதற்கே முந்தி. எங்களைக் கேட்காமலே உள்ளே வேலை ஆரம்பித்து நடந்துகொண்டிருந்திருக்கிறது.

கரிப் பட்டைகளைப் பிசின் கரைசலில் நனைத்து உலர்த்தியிருந்தார்கள்; தொட்டால் கரி அழியாமல் இருக்க. முதல் பிரதியில் அசல் பட்டைகளை ஒட்ட வேண்டும், மற்றவற்றில் அவற்றின் போட்டோ. பட்டைகளை அட்டைக்குள் வைத்து, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு திரும்பினேன். வழியெல்லாம் எனக்குக் குழாய்தான் தெரிந்தது. அப்போது கேபிள் டிவி வந்த புதிது. மொட்டை மாடிக்கு மொட்டை மாடி, மரத்துக்கு மரம், கறுப்புக் கறுப்பாக வயர் கிளை விட்டுத் தொங்கும். லஸ் முனையில் நின்று அண்ணாந்து பார்த்தேன். தோலை உரித்துப்போட்ட ஒரு பெரிய உடம்புக்குக் கீழே பஸ்கள் போய்வந்துகொண்டிருந்தன. பின்னால் வந்த ஆட்டோக்காரர், “யோவ், சாவுகிராக்கி, ஊட்ல சொல்டு வந்துட்டியா?” என்றார். அந்த நேரத்தில் எனக்கு அதுகூட எச்சரிக்கையாகப் பட்டது.

மறுநாள் காலையில்தான் சுவரைப் பார்த்தேன்.

ஸ்டவ்வுக்குப் பின்னால், மண்ணெண்ணெய் டின்னை நகர்த்தினால் தெரிகிற இடம். கரிச் சுவரில் நாலு வெள்ளைக் கோடுகள், பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றும் கீழே தொடங்கி மேலே ஏறி, உச்சியில் கொஞ்சம் வளைந்து, நின்றிருந்தது. ஊசி முனை அளவு கோடு. உருளையில் பார்த்த அதே கோடு. அதே கறுப்பு, அதே வெள்ளை.

எலி என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த வாரம் எனக்கு எதைப் பார்த்தாலும் எலி. ஆனால் எலி சுரண்டினால் தரையில் பொடி கிடக்கும். குனிந்து பார்த்தேன், கையால் தடவிப் பார்த்தேன். ஒரு துளி சுண்ணாம்பு இல்லை. யாரோ எழுதியிருக்கிறார்கள், எழுதும்போது எதுவும் உதிரவில்லை.

மறுநாள் ஐந்து கோடு. அதற்கு மறுநாள் ஆறு. நாளுக்கு ஒன்று, தவறாமல். புதியது பழையதைவிடச் சற்று உயரம். ஏறியது ஏறியதுதான், ஒன்றுகூட இறங்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, ‘இது இன்னா கோடு?’ என்று கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. போன முறையும் நான் ஏதோ கேட்டு, அவள் ‘லேசா வலிக்குது, ஒண்ணுமில்ல’ என்று சொல்லி, அன்று சாயங்காலம் எல்லாம் முடிந்துபோனது. அதிலிருந்து எனக்குக் கேள்வி என்றாலே பயம். எனவே அறிவாளித்தனமாக யோசித்தேன். செத்த எலியின் துண்டுக் குழாய், கரியில் எழுதும். உயிரோடு உள்ளே இருக்கும் குழந்தையின் குழாய் ஏன் எழுதாது? அவள் ஸ்டவ் முன்னால்தானே நாள் முழுதும் நிற்கிறாள்? வயிற்றுக்கும் சுவருக்கும் ஒரு முழம்கூட இல்லையே?

இப்படி ஒரு வாதத்தை நான் பல் தேய்த்துக்கொண்டே கட்டி முடித்தேன். எங்கும் ஓட்டை தெரியவில்லை.

“ஏங்க, இன்னாத்துக்கு தெனமும் சுவத்த மொறைக்கிறீங்க?” என்று அவள் பின்னாலிருந்து கேட்டாள்.

“வெள்ளையடிக்கணும்னு பாக்குறேன்.”

“வெள்ளையடிக்க வேணாம்!” என்றாள் சட்டென்று. பிறகு குரலைத் தாழ்த்தி, “சுண்ணாம்பு வாசனை எனக்கு ஒத்துக்காது,” என்றாள். சொன்னபோது அவள் பார்வை என்மேல் இல்லை, சுவரின்மேல் இருந்தது. பசித்தவர்கள் பலகாரக் கடையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவளுக்கும் தெரியும், அவளும் குழந்தையும் சேர்ந்து என்னிடம் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

அன்றிலிருந்து வீட்டுக்குப் புரதம் கடத்தத் தொடங்கினேன். முட்டை, வேர்க்கடலை, வஞ்சிரத் துண்டு, ஆட்டு ஈரல். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். “கவுச்சி குமட்டுது, நீங்களே சாப்டுங்க.” ‘மத்தியானம் இன்னா சாப்ட?’ என்றால், “சாப்டேன்,” என்பாள். என்ன என்று சொல்லமாட்டாள். வீணாகக் கூடாதே என்று எல்லாவற்றையும் நானே தின்றேன். பத்து நாளில் எனக்குச் சட்டைப் பொத்தான் இறுகியது. அவளுக்கு வளையல் தளர்ந்து முழங்கை வரை போய்வந்தது. எந்த உடம்பில் குழந்தை இருக்கிறது என்று வெளியாட்களைக் கேட்டிருந்தால் என்னைத்தான் காட்டியிருப்பார்கள்.

ராத்திரிகளில் நன்றாகத் தூங்கினேன், மறைப்பானேன். பயமெல்லாம் பகலில்தான். கொளுத்தும் வெயிலில், தெருவில் ஆளே இல்லாத இரண்டு மணிக்கு, கடையில் கரிப் பட்டைகளை ஒட்ட உட்காரும்போது. ‘இறங்காத கோடு’ இருக்கும் பட்டையை மட்டும் என்னால் ஒட்ட முடியவில்லை. பசை தடவுவேன், எடுப்பேன், வைத்துவிடுவேன். அதைப் புத்தகத்தில் ஒட்டிவிட்டால் விஷயம் உறுதியாகிவிடும் என்று எனக்குள் ஒரு எண்ணம். கடைசியில் மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன்.

பதினோராம் நாள் டாக்டர் தம்பி பிரதிகளைப் புரட்டிப் பார்த்தான்.

“அண்ணே, பதினாலாம் படத்தைக் காணோமே?”

“அது கீது. ஒட்டல.”

“ஏண்ணே?”

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். சுவர், கோடு, நாளுக்கு ஒன்று, ஏறுவது, இறங்காதது. “அது பாட்டுக்கு எழுதிக்கினே கீது டாக்டரே. உள்ள பட்டினி கிடக்குறேன்னு எழுதுது. நான் மீன வாங்கியாந்து நானே துன்னுக்கினு கீறேன்.”

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பேனாவை மூடி வைத்தான்.

“கீழ பொடி கெடக்கா?”

“அதான் சொல்றேனே, ஒரு துளி இல்ல! அதுலதான் எனக்கு சந்தேகமே வந்துது.”

“சரி. அப்ப சுண்ணாம்பு எங்கண்ணே போச்சு?”

சுவரைத் தடவிய என் கையைத் திருப்பிப் பார்த்தேன்.

“வீட்டுக்குப் போங்கண்ணே,” என்றான். “இப்பவே போங்க. சத்தம் போடாம போங்க. பாத்தாலும் திட்டாதீங்க.”

மத்தியானம் மூன்று மணி. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு மாடியேறினேன். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு சத்தம் கேட்டது. கிர்ர், கிர்ர் என்று, மிக மெதுவாக, நெம்புகோலின் முனை கரியைச் சுரண்டுவதுபோல.

அவள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் கொண்டை ஊசி. இன்னொரு கையைச் சுவரோடு குவித்து, கோட்டுக்குக் கீழே பிடித்திருந்தாள். ஊசி கீழிருந்து மேலே ஏறியது. பொடி உள்ளங்கையில் விழுந்தது. ஒன்றும் சிந்தவில்லை. பிறகு அவள் கையை வாய்க்குக் கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள். கோயிலில் நற்கருணை வாங்கும்போது எப்படி மூடுவாளோ, அப்படி.

எனக்குச் சிரிப்பு வராது என்று நான் சொன்ன இடம் இதுதான்.

திரும்பினாள். உதட்டில் வெள்ளை. என்னைப் பார்த்துக் கத்தவில்லை. ஊசியை முந்தானைக்குள் மறைத்தாள்.

“எத்தினி நாளா?”

“இன்னாது?”

“சுவரு.”

உதட்டைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “ஒரு நாளைக்கு ஒரு கோடுதாங்க. அதுக்கு மேல தொடல,” என்றாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்வதுபோல் சொன்னாள்.

“சாப்பாடு சாப்பிடாம சுவத்த ஏன்டீ துன்ற?”

“சுவரு சாப்பாடு இல்லல்ல? அதால ஒருசந்தி முறியாது.”

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. சாம்பல் புதன் அன்று, நெற்றியில் சாம்பல் சிலுவை போட்டுக்கொண்டு பீடத்தின் முன் முழந்தாளிட்டபோது ஒரு பொருத்தனை, அதாவது கடவுளுக்கு ஒரு வாக்கு, கொடுத்திருக்கிறாள். இந்தக் குழந்தை தங்க வேண்டும். அதற்காகத் தவக்காலம் நாற்பது நாளும் ஒருசந்தி, ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு. அதுவும் சுத்தபோசனம்: கறி, மீன் இல்லை. கூடவே அவளாக முட்டையையும் பாலையும் சேர்த்துத் தள்ளிவிட்டாள். ராத்திரி என்னோடு உட்கார்ந்து சாப்பிட்ட கொஞ்சம் சோறும் ரசமும்தான் அந்த ஒரு வேளை. என்னிடம் சொன்னால் ஜோக் அடிப்பேன் என்று சொல்லவில்லை.

குழந்தை தங்க வேண்டும் என்றுதான் குழந்தையைப் பட்டினி போட்டிருக்கிறாள். எலிக்காவது தன் சாப்பாட்டில் என்ன குறைகிறது என்று தெரியாது. இவள் தெரிந்து, ஜெபித்து, தினமும் குறைத்திருக்கிறாள். நான் உட்கார்ந்துவிட்டேன். அவளைத் திட்டவில்லை, தம்பி சொன்னதற்காக அல்ல. அவள் முகத்தில் ரத்தமே இல்லை என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். பதினோரு நாளாகச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவளைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே அடையாறில் அவளைப் பார்த்துவந்த லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளைக் காகிதம் போல் இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில், பதினொன்றாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எட்டு.

“சுவத்தச் சாப்பிட்டியாம்மா? நீ முதல் ஆள் இல்ல. பலப்பம், அடுப்புக்கரி, செங்கல்பொடின்னு வருவாங்க. ரத்தத்துல இரும்பு குறைஞ்சா சில பேருக்கு இந்த ஆசை வரும். மாத்திரை குடுத்தேனே?”

“வாந்தி வந்துது டாக்டர். நிறுத்திட்டேன்.”

என் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“கோட்ட எண்ணிக்கினு இருந்தேன் மேடம்.”

அவர் அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டு முறைத்தார். என் வாழ்க்கையில் நான் ஜோக் அடிக்காமல் சொன்ன ஒரே பதில் அது.

மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். முட்டை, பருப்பு, மீன், கீரை என்று எழுதினார். மனைவி சீட்டை மடித்து, மடியில் வைத்துக்கொண்டு, “பொருத்தனை,” என்றாள். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். பொருத்தனையை உடைத்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவளுக்குப் பயம். உடைக்காவிட்டால் ஆகிவிடும் என்று எனக்குப் பயம்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் பங்குச்சாமியிடம் போய் நின்றோம். வயதானவர், காது கொஞ்சம் மந்தம், குரல் கொஞ்சமும் மந்தமில்லை. முழுவதும் கேட்டார்.

“ஏம்ப்பா, கர்ப்பிணிக்கு ஒருசந்தி கடன் இல்லைன்னு தவக்காலத்து முத ஞாயிறே பிரசங்கத்துல சொன்னேனே. நீ எங்க இருந்த?”

“சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் சாமி.”

“நீ எங்கம்மா இருந்த?”

“முன்னாடிதான் சாமி. கேட்டேன். ஆனா இது கடனுக்கு இல்ல, நானே குடுத்த வாக்கு.”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தீர்ப்பு சொன்னார். “வாக்கை நான் மாத்திக் குடுக்குறேன். இன்னையிலேர்ந்து ஈஸ்டர் வரைக்கும் நீ தெனம் ரெண்டு முட்டை, ஒரு துண்டு மீனு. அதுதான் உன் தபசு. குமட்டினாலும் சாப்பிடணும், ஒரு நாள் விட்டாலும் எங்கிட்ட வந்து சொல்லணும். மிச்ச ஒருசந்தி சும்மா போகக்கூடாது இல்ல?” என் வயிற்றைப் பார்த்தார். “அதை இவன் இருப்பான்.”

இப்படியாகப் புரதம் கைமாறியது. அவள் கண்ணில் நீர் வழிய முட்டை சாப்பிட்டாள். எதிரில் உட்கார்ந்து நான் கண்ணில் நீர் வழியப் பார்த்தேன். பெரிய வெள்ளியன்று கோயிலே பட்டினியாக இருக்க, மாடியில் எங்கள் வீட்டில் மட்டும் மீன் வறுத்த வாசனை. கீழ்வீட்டு அம்மாள் மாடிப்படியில் நின்று சிலுவை போட்டுக்கொண்டது தெரிந்தது. ஈஸ்டருக்குள் என் பொத்தான் தளர்ந்தது. அவள் வளையல் மணிக்கட்டில் நின்றது. சுவரில் புதிய கோடு விழவில்லை. ஆனால் ஸ்டவ் முன் நிற்கும்போது அவள் பார்வை அந்தப் பக்கம் போவதையும், எச்சில் விழுங்குவதையும் பிறகும் சில வாரம் பார்த்தேன்.

பதினாலாம் படத்தை ஒட்டினேன். ஒட்டும்போது டாக்டர் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “முடிஞ்சிபோச்சா? உள்ள எழுதினது எழுதினதுதானா?”

“எலில பாத்ததைத்தான் நான் எழுதியிருக்கேன், மனுசனுக்கு அப்படியே சொல்ல முடியாது. கொழாய் இன்னும் வளரும்ணே, பொறந்த பெறகும் வளரும். பாதிலேயாவது சாப்பாடு கெடச்சது நல்லதுதான். எவ்வளவு நல்லதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. பிள்ளைக்கு வருசத்துக்கு ஒருக்கா பிரஷர் பாத்துக்கங்க.”

பொய் சொல்லி என்னைத் தேற்றியிருக்கலாம். சொல்லவில்லை. அதனாலேயே அவனை நம்பினேன்.

அந்த வருஷம்தான் வீட்டுக்காரருக்குப் பொங்கல் முன்கூட்டியே வந்தது. குழந்தை வரும் வீடு என்று ஆடி மாதத்தில் வெள்ளையடிக்க ஆள் அனுப்பினார். இரண்டு கை அடித்தார்கள். ஒரு வாரத்தில் பழைய கரி வெள்ளைக்குள்ளிருந்து பழுப்பாக ஊறி மேலே வந்தது. கோடு கிழித்த இடங்களில் மட்டும் கரி இல்லை அல்லவா, அங்கே ஊறவில்லை. பழுப்புச் சுவரில் வெள்ளையாக அந்தக் கோடுகள், வரிசையாக, நாளுக்கு ஒன்றாக, மறுபடி வந்து நின்றன. காரணம் தெரிந்தும் எனக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்கப் பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் டின்னை இழுத்து மறைத்து வைத்தேன்.

ஆகஸ்டில் பெண் குழந்தை பிறந்தது. நான் வாசலில் நர்ஸை மடக்கி, ஆய்வேட்டில் டைப் அடித்த ஞாபகத்தில், “தொப்புள் கொடியில ரத்தக் குழாய் எத்தினி?” என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் பையனா பெண்ணா என்று கேட்காத முதல் ஆள் நீதான் என்றார் அவர். பிறகு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, “மூணும் கீதுய்யா. ரெண்டு சின்னது, ஒண்ணு பெருசு. போய் பொண்டாட்டியப் பாரு,” என்றார்.

ஒவ்வொரு பிறந்த நாளன்றும், கேக் வெட்டுவதற்கு முன், மகளுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. சின்ன வயதில் அழுவாள், நடுவில் திட்டுவாள், இப்போது அவளே பட்டையைக் கட்டிக்கொண்டு கையை நீட்டுகிறாள். கோடு என்ற சொல்லை மட்டும் நானும் என் மனைவியும் அந்த நேரத்தில் சொல்வதில்லை.

பிறந்தபோது அவள் எடை இரண்டு கிலோ நானூறு கிராம். போன பிறந்த நாளன்று அவளுக்கு நூற்றுப் பதினான்குக்கு எழுபத்து நாலு. எனக்கு நூற்று ஐம்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றாறு. தினமும் காலையில் ஒரு பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன்.